மூன்றாவது ரெய்டுக்காகக் காத்திருத்தல்

1

கபடியைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு இரண்டே வழிகள்தாம் இருந்துவந்திருக்கின்றன. ஒன்று, மண்ணின் வீரம், தமிழர் மரபு என்று மார்தட்டுவது. மற்றது, தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில் யாருக்கு எத்தனை புள்ளி என்று ஒப்பிப்பது. முதலாவதில் ஆட்டம் ஒரு சின்னமாக உறைந்துபோகிறது. இரண்டாவதில் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. நாற்பது நிமிடத்துக்குள் பதினான்கு உடல்கள் எதை யோசிக்கின்றன, யோசிக்கவிடாமல் அவற்றைத் தடுப்பது எது என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் வெளியே கிடக்கிறது. ஒரு சிறுகதையின் முடிவு சப்பென்று இருந்தால் பத்துப் பக்கம் எழுதுகிற நாம், ஓர் அணி திரும்பத்திரும்ப ஒரே மாதிரித் தோற்பதைப் பற்றி ஒரு பத்திகூட எழுதுவதில்லை. ‘சவத்த விடும்வே, வெளையாட்டுதானே’ என்று போய்விடுகிறோம். எனக்கு விட முடியவில்லை.

நான் பயிற்சியாளனில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கிற சென்னையின் பேரில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவன். கோயில்கொடைக்கும் பொங்கலுக்கும் விளக்கு கட்டி இராத்திரி நடக்கும் ஊர்ப்போட்டிகளைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவன். பார்வையாளனுக்கு ஆட்டத்தின் உத்தி பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். வாசகனுக்கு நாவலைப் பற்றிப் பேச என்ன தகுதியோ அதே தகுதிதான். எரிச்சலும் ஒருவகை வாசிப்பு. அதை ஒழுங்காக விரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு வாதம் இருக்கும்.

2

முதலில் விதி. புரோ கபடி 2014-ல் தொடங்கியது. அதில் ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி எதுவும் எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’. அதில் போகிறவன் புள்ளி எடுத்தாக வேண்டும். வெறுங்கையோடு திரும்பினால் அவன் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. சோம்பலாகப் பாடிவிட்டுத் திரும்புகிறவனை உள்ளே தள்ளுவதற்காக வந்த விதி இது. நோக்கத்தில் குறையில்லை.

நடந்தது வேறு. பயிற்சியாளர்கள் இந்த விதியை ஒரு கால அட்டவணையாக மாற்றிக்கொண்டார்கள். முதல் ரெய்டில் பாக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டுத் திரும்பி வா. இரண்டாவதிலும் அப்படியே. போனஸ் தானாக வந்தால் எடுத்துக்கொள். மூன்றாவதில் பார்ப்போம். எதிரணியும் இதையே செய்கிறது. முதலிரண்டு ரெய்டுகளில் பிடிக்கப் போக வேண்டாம், மூன்றாவதில் அவனே உள்ளே வருவான், அப்போது அமுக்கலாம் என்று கார்னரும் கவரும் பின்கோட்டருகே ஒதுங்கி நிற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு ரெய்டும் முப்பது விநாடியையும் தின்றால் மொத்தம் எண்பது ரெய்டு, அணிக்கு நாற்பது. இரண்டு வெற்று, ஒன்று மெய் என்ற தாளத்தை இரு அணிகளும் கடைசிவரை பிடித்துக்கொண்டால் ஒவ்வோர் அணிக்கும் பதின்மூன்று ரெய்டுதான் உண்மையில் ஆட்டம். மிச்சம் ஐம்பத்து நாலு ரெய்டும் நடைப்பயிற்சி. எந்த ஆட்டமும் முழுக்க இப்படி நடப்பதில்லை என்பது சரி. ஆனால் முன்னிலையில் இருக்கும் அணியும், பயந்துபோன அணியும், சமநிலையைக் காப்பாற்ற நினைக்கும் அணியும் இந்தத் தாளத்தை நோக்கியே சரிகின்றன. கடைசிப் பத்து நிமிடத்தில் இதை யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த உத்திக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இல்லாமலில்லை. ரெய்டர் பிடிபட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்பதோடு நஷ்டம் முடிவதில்லை. அவன் வெளியே போய் உட்கார வேண்டும், தன் அணி புள்ளி எடுத்தால்தான் உள்ளே வர முடியும். பெரிய விலைக்கு வாங்கிய ரெய்டர் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்தால் அணி சரிகிறது. எனவே அவனைப் பாதுகாக்க வேண்டும். பாதுகாக்க வேண்டுமென்றால் அவன் ஆபத்தை எடுக்கக் கூடாது. ஆபத்தை எடுப்பதற்காகவே வாங்கப்பட்டவன் ஆபத்தை எடுக்கக் கூடாதென்று சொல்லி அனுப்பப்படுகிறான். இந்த முரண்பாடுதான் நான் சொல்லவரும் விஷயத்தின் மையம்.

இதில் இன்னொன்றும் உண்டு. மூன்றாவது ரெய்டு என்பது ரெய்டருக்குச் சாதகமில்லாத நேரம். அவன் வந்தே தீர வேண்டும் என்பது ஏழு பேருக்கும் தெரியும். முதல் ரெய்டில் அவன் என்ன செய்வான் என்பது யாருக்கும் தெரியாது. எதிரிக்கு எல்லாம் தெரிந்த நேரமாகப் பார்த்துத் தாக்குவதென்று முடிவுசெய்வதற்குத்தான் இன்று உத்தி என்று பெயர்.

3

தமிழ் தலைவாஸை ஒரு பிரதியாக எடுத்துக்கொள்கிறேன். அணி 2017-ல், ஐந்தாவது சீசனில் வந்தது. அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி. 2018-ல் மறுபடி தன் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. மூன்று ஆண்டும் ஆளில்லாமல் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் கேப்டன் அஜய் தாக்கூர். 2016-ல் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், இடைவேளையில் ஈரானிடம் பின்தங்கியிருந்த இந்தியாவை மீட்டெடுத்தவர். பிடிக்க வருகிறவர்களின் தலைக்கு மேலே தாவிப்போகும் அவருடைய தவளைத் தாவலுக்காகவே ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. தலைவாஸுக்கு ஆடிய அந்த இரண்டு சீசன்களிலும் இருநூறுக்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். அணி கடைசி. 2018-ல் மஞ்சீத் சில்லர், 2019-ல் ராகுல் சௌத்ரி என்று கபடியின் பெரிய பெயர்கள் அவரோடு சேர்ந்தன. அப்போதும் கடைசி.

ஒரு மனிதன் இருநூறு புள்ளி எடுத்தும் அணி கடைசியில் நிற்கிறதென்றால் அங்கே அணி என்று ஒன்று யோசிக்கப்படவே இல்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். ஒரு நாயகன், ஆறு துணை நடிகர்கள். தமிழ்நாட்டில் இந்தக் கதையாடலுக்கு விளக்கவுரை தேவையில்லை. சினிமாவிலும் அரசியலிலும் நமக்குப் பழக்கமான அதே காத்திருத்தல்தான். அவர் வருவார், எல்லாம் சரியாகிவிடும். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருப்பவர்களின் வேலை அவர் திரும்பிவரும்வரை நேரத்தைக் கடத்துவது. வெற்று ரெய்டு என்பது இந்த மனநிலையின் உடல்வடிவம்.

அடுத்து நடந்தது இதற்கு நேரெதிரான சாட்சி. 2022-ல், ஒன்பதாவது சீசனில், பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். அதுவரையிலான ஏலங்களில் அதுவே உச்சவிலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அவர் அந்த சீசனை விட்டே வெளியேறினார். ‘முடிஞ்சு போச்சு மக்கா, இந்த வருசமும் கடைசிதான்’ என்று எங்கள் டீக்கடையில் தீர்ப்பெழுதிவிட்டார்கள். அந்த ஆண்டுதான் தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அப்போதுதான் முதல் சீசன் ஆடவந்த நரேந்தர் என்ற பையன் 243 ரெய்டு புள்ளி எடுத்தான். சாகர் ராட்டியும் மற்றவர்களும் சேர்ந்து பிடித்த பிடிகளில் ஒரு பேச்சு இருந்தது. ஒருவன் காலைப் பிடிக்கும்போதே மற்றவன் எங்கே வருவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உத்தரப்பிரதேச அணியை டைபிரேக்கரில் தாண்டி, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்தத் தோல்வியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களின் முகத்தில் வருத்தம் இருந்தது, எரிச்சல் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரசிகன் அறிவான்.

பயிற்சியாளர் சீசன் நடுவில் மாறியதும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். நான் பார்ப்பது வேறொன்றை. நாயகன் விழுந்ததும் திட்டம் விழுந்தது. திட்டம் விழுந்ததும் மற்றவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. விபத்தாகக் கிடைத்த அந்தக் கற்பனையை அதற்குப் பிறகு யாரும் திட்டமாக எழுதிக்கொள்ளவில்லை. 2024-ல் சச்சின் தன்வர் 2.15 கோடிக்கு வந்தார். அணி ஒன்பதாம் இடம். 2025-ல் மறுபடி பவன், கூடவே அர்ஜுன் தேஷ்வால். சில ஆட்டங்களோடு பவன் நின்றுபோனார். 2017 முதல் 2025 வரையிலான சீசன்களில் அரையிறுதி என்பது அந்த ஒரே ஒரு முறைதான்.

4

இது கபடிக்கு மட்டும் நேர்ந்த வியாதியில்லை. ரக்பி லீக் என்றொரு ஆட்டம் இருக்கிறது. நம் ஊரில் யாரும் ஆடுவதில்லை. ஆனால் ஓடிவருகிறவனைக் கூட்டமாகச் சேர்ந்து அமுக்குவதில் அது கபடிக்குத் தூரத்துச் சொந்தக்காரன். 1895-ல் இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகள் தனியே பிரிந்து உண்டாக்கியது. சுரங்கத்திலும் மில்லிலும் வேலைசெய்தவர்கள் சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய கூலி போய்விடும். அதற்கு ஈடு கொடுக்கக் கூடாதென்று தெற்கின் கனவான்கள் சொன்னதில் வெடித்த பிளவு அது. வர்க்கத்தின் வரலாறு விளையாட்டின் விதிகளுக்குள் எப்படிப் படிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் குறைவு.

அந்த ஆட்டத்தில் ஒரு காலத்தில் பந்து கிடைத்த அணி எத்தனை முறை அமுக்கப்பட்டாலும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதனால் ஆட்டம் செத்தது. 1966-ல் நான்கு பிடி என்று வரம்பு வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அது ஆறானது. பிறகு என்ன ஆயிற்று? பயிற்சியாளர்கள் ஆறையும் ஒரு அட்டவணையாக்கிவிட்டார்கள். ஐந்து முறை நேராக முட்டு, கடைசியில் உதைத்துவிடு. அங்கேயும் மேடையில் உட்கார்ந்திருக்கும் ரசிகன் நம்மைப் போலவே தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கிறான். சலிப்பை ஒழிக்க வந்த விதி சலிப்புக்கு நேரம் குறித்துக்கொடுக்கிறது. விதியால் கற்பனையைக் கட்டாயப்படுத்த முடியாது. பயத்தின் வடிவத்தை மட்டும்தான் மாற்ற முடியும்.

கபடியின் சொந்த வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ஒரே சீரான ஆட்டமாவதற்கு முன்னால் அதற்குப் பல உருவங்கள். சஞ்சீவினி என்ற வகையில் அவுட் ஆனவன் மறுபடி உயிர்பெற்று வரலாம். காமினியில் அவுட் ஆனவன் அணி முழுவதும் ஒழியும்வரை வெளியேதான். அமர் வகையில் தொடப்பட்டவன் வெளியே போவதே இல்லை, புள்ளி மட்டும் கணக்கு. மூன்றும் மூன்றுவிதமான பயங்கள், எனவே மூன்றுவிதமான தைரியங்கள். 1950-ல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் தோன்றி, 1952-ல் சென்னையில் முதல் ஆண்கள் தேசியப் போட்டி நடந்தபோது, ஒழுங்கு உள்ளே வந்துவிட்டது. இன்று நிலைத்திருப்பது சஞ்சீவினியின் வழிவந்த ஆட்டம். சடுகுடு என்று நாம் சொன்ன ஆட்டத்தில் ஊருக்கு ஒரு பாட்டு இருந்தது. ‘ரெய்டு போறான்’ என்று இன்றைக்குச் சொல்கிறோம். முன்பு ‘பாடிப் போறான்’ என்பார்கள். அந்தப் பாட்டுகளின் இடத்தில் ஒரே சொல் வந்தது. மூச்சு அளந்துகொண்டிருந்த நேரத்தை முப்பது விநாடிக் கடிகாரம் எடுத்துக்கொண்டது.

இதைச் சொல்லி பொற்காலம் எதற்கும் நான் அழவில்லை. பழைய ஊர் ஆட்டங்களிலும் மந்தம் உண்டு, ஜாதிச் சண்டை உண்டு, நடுவரை அடித்ததும் உண்டு. மூச்சு முடியுமுன் திரும்ப வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் நேரம் உடலுக்குள் இருந்தது. இப்போது வெளியே, சுவரில் தொங்குகிறது. சுவரிலிருப்பதைப் பயிற்சியாளரால் நிர்வகிக்க முடியும். நிர்வகிக்க முடிவதைத்தான் அவர் நம்புகிறார்.

5

டைம் அவுட்டின்போது ஒலிவாங்கியைப் பயிற்சியாளரின் வாயருகே கொண்டுபோகிறார்கள். இந்த அரை நிமிடம் தனியே வாசிக்கத்தக்கது. மூச்சுவாங்கி நிற்கும் ஏழு பேருக்கு நடுவே அவர் மட்டும் பேசுகிறார். அணி எதுவானாலும் சாரம் ஏறக்குறைய ஒன்று: அவசரப்படாதே, தப்பு செய்யாதே, நேரத்தைப் பார், மூன்றாவதுக்கு விடு. ஏழு பேரில் யாராவது ‘அவன் இடது கார்னர் முன்னாடி வாறான், நான் இப்பமே போறேன்’ என்று சொல்வதை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். கோட்டுக்குள் நிற்பவனுக்குத் தெரிவது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் சொல்லும் உரிமை வெளியே நிற்பவரிடம். நமது பள்ளிக்கூடமும் அலுவலகமும் கட்சியும் இயங்கும் அதே அமைப்பு. மேலே இருப்பவர் தவறு செய்யாமலிருக்கச் சொல்வார். கீழே இருப்பவன் எதுவும் செய்யாமலிருந்து அதை நிறைவேற்றுவான்.

இதைத் தனிமனிதர்களின் முட்டாள்தனம் என்று முடித்துவிடுவது சுலபம். அப்படியில்லை. ஒரு சீசன் தோற்றால் பயிற்சியாளரின் வேலை போகிறது. தைரியமாக ஆடித் தோற்றவரும் பயந்து ஆடித் தோற்றவரும் ஒன்றாகத்தான் வெளியேற்றப்படுகிறார்கள். ஆனால் தைரியமாக ஆடித் தோற்றவரை ‘பைத்தியக்காரத்தனம்’ என்பார்கள், மற்றவரை ‘துரதிருஷ்டம்’ என்பார்கள். ஆடுகிறவனின் கதை இன்னும் நெருக்கடியானது. தென்மாவட்டங்களில் கபடி ஆடும் பையனுக்கு அது போலீஸ், ரயில்வே, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கான கதவு. அப்பன் கடலுக்கோ வயலுக்கோ போகும் வீட்டில் ஒரு தேர்வு முகாமின் பத்து நிமிடத்துக்கு என்ன கனம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அங்கே ஒரு வீண் டைவ் அடித்துப் பிடிபடுவதை விட ஒழுங்காகத் திரும்பிவருவது மேல். ஆக வெற்று ரெய்டு மேலிருந்து மட்டும் வரவில்லை. கீழிருந்தும் வறுமை அதற்குக் கையெழுத்துப் போடுகிறது.

ஆனால் விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு. அமைப்பு இப்படி என்பதற்காக ஆட்டம் இப்படித்தான் இருக்க முடியும் என்று ஆகாது.

6

‘தொழில்முறை ஆட்டத்தில் சதவீதம்தான் பேசும், உம்ம ரசனைக்கா ஆட முடியும்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். சதவீதத்தையே பேசுவோம். 1990-ல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் வந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று தோற்றோம். கேப்டன் அஜய் தாக்கூர்தான். மறுநாள் பெண்கள் இறுதியாட்டத்திலும் ஈரான் 27–24 என்று வென்றது. அந்த ஈரான் பெண்கள் அணியின் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நம்மிடம் இருந்த அறிவு நமக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று வென்றது. ஃபாசல் அத்ராசலி போன்ற ஈரானியர்கள் நம் லீக்கிலேயே வந்து ஆடி, நம் ரெய்டர்களின் தாளத்தைப் படித்துவிட்டார்கள். தாளம் மாறாதவனைப் படிப்பது கஷ்டமில்லை. சலிப்பான உத்தி என்பது ரசனைக் குறைவு மட்டுமில்லை; எதிரிக்குக் கொடுக்கும் பாடப்புத்தகம்.

இன்னொரு எதிர்வாதம் நம் பக்கத்திலிருந்தே வரும். தமிழ் வீரர்களை எடுத்தால் எல்லாம் சரியாகும் என்பது. இந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தஞ்சாவூர்க்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமைதாங்கிக் கோப்பை வென்றவர். நம் பையன்கள் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டுதானிருக்கிறார்கள். ஆனால் மணத்தி கணேசனின் ஊர்க்காரனை எடுத்து, அவனையும் ‘போய்க் கோட்டைத் தொட்டுட்டு வா’ என்று அனுப்பினால் என்ன மாறப்போகிறது? அடையாளம் மாறும், அதிகாரம் மாறாது. ‘யார் ஆடுவது’ என்ற கேள்வியை மட்டும் கேட்டு ‘எப்படி ஆடுவது’ என்பதைக் கேட்காமல் விடுவது நம் பண்பாட்டு அரசியலின் பழைய வழக்கம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறேன்? பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ரெய்டில் தாக்குங்கள். ஏழு பேரும் கோட்டில் நிற்கிறார்கள், போனஸும் திறந்திருக்கிறது, அவர்கள் அசட்டையாக இருக்கும் நேரம் அதுதான். மூன்றாவது ரெய்டுக்கென்று ஒருவனை முத்திரை குத்தி வைக்காதீர்கள். கவரில் நிற்பவனும் பாடப் போகட்டும், எதிரி குழம்பட்டும். எதிரியின் வெற்று ரெய்டைச் சும்மா விடாதீர்கள். திரும்பிப் போகவே வருகிறவனின் முதுகு மையக்கோட்டை நோக்கித் திரும்பும் அந்த நொடி பிடிக்குத் தோதானது. மூன்று பேராகச் சுருங்கியபின் பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. அதைக் கடைசிக் கதியாக எண்ணாமல் ஒரு பொறியாக யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டைம் அவுட்டில் ஒருமுறையாவது ஒலிவாங்கியை ஆடுகிறவனிடம் கொடுங்கள்.

இதில் எதுவும் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் கயிற்றுக்கு வெளியே நிற்கிற கிழவனார் ஒவ்வொருவரும் இதைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘எலே, அவன் காலப் பாருல, கையப் பாக்காத’ என்பது ஒரு முழுமையான உத்தி விமர்சனம். அந்தக் குரல் தொலைக்காட்சிக்குள் போகாது. ஆனால் தொலைக்காட்சியிலிருந்து வருவது ஊருக்குள் வருகிறது. இப்போது ஊர்ப்போட்டிகளிலும் பதினைந்து வயசுப் பையன்கள் முதலிரண்டு ரெய்டைக் கணக்காக வீணாக்கிவிட்டு மூன்றாவதுக்குக் கையை உதறிக்கொண்டு தயாராகிறார்கள். அவர்களுக்கு ஏலம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. பயத்துக்கான காரணம் எதுவும் இல்லாமலே பயத்தின் உடல்மொழியை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஓர் அணி தோற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. இது பெரிய விஷயம்.